முழங்கால் வலிக்கு இரண்டு கணக்குகள்: ‘இந்தக் கண’த்தில் பௌத்தமும் சமணமும் பிரியும் இடம்

பாஹியர் என்று ஒரு துறவி. மரப்பட்டை உடுத்துகிறவர். இன்றைய மும்பைக்கு வடக்கே நாலாசோபாரா இருக்கும் இடத்தில் பழைய சூர்ப்பாரகத் துறைமுகம் இருந்தது. அங்கே ஊராரின் மதிப்போடு வாழ்ந்தவர். தன் ஞானத்தின் மேலேயே சந்தேகம் வந்து, புத்தரைத் தேடி சிராவஸ்திக்குப் போனார். புத்தர் அந்த நேரத்தில் பிச்சைக்குக் கிளம்பியிருந்தார். பாஹியர் தெருவிலேயே காலில் விழுந்து உபதேசம் கேட்டார். ‘இது அதற்கான நேரம் அல்ல’ என்றார் புத்தர். மறுபடி கேட்டார், அதே பதில். மூன்றாவது முறையும் விடாமல் கேட்டபோது மிகச் சுருக்கமாக ஒன்று சொன்னார்: பார்த்ததில் பார்த்தது மட்டும் இருக்கட்டும், கேட்டதில் கேட்டது மட்டும், உணர்ந்ததில் உணர்ந்தது மட்டும், அறிந்ததில் அறிந்தது மட்டும். அப்படி ஆகும்போது அதில் நீ இல்லை. இங்கும் இல்லை, அங்கும் இல்லை, நடுவிலும் இல்லை. துன்பத்தின் முடிவு அதுதான். கொஞ்ச நேரத்தில் கன்றோடு வந்த பசு ஒன்று முட்டி பாஹியர் இறந்துபோனார். உதானம் என்ற பாலித் தொகுப்பில் இருக்கிறது இந்தக் கதை.

உபதேசத்தின் முன்பாதி இன்று கைபேசிச் செயலி வரை வந்துவிட்டது. போனதை விடு, வருவதை விடு, இப்போது இருப்பதைப் பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்பாதிதான் தொண்டையில் சிக்கும். பார்க்கிற ‘நீ’ என்று தனியாக ஒருவரும் அங்கே இல்லை என்கிறது அது. அதே காலத்தில், அதே கங்கைச் சமவெளியில் நடந்து திரிந்தவர் மகாவீரர். அவர் வழிவந்தவர்கள் முன்பாதிக்குத் தாராளமாகத் தலையாட்டுவார்கள். பின்பாதியைச் சொன்னால் வாதத்துக்கு வந்துவிடுவார்கள். பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் திரும்பிப் போகத்தானே உட்காருகிறோம் என்பது அவர்கள் கட்சி.

இரண்டு மரபுகளின் தியானமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எழுதுகிறவர்கள் நிறைய. செய்முறையை மட்டும் பார்த்தால் அதில் உண்மை உண்டு. ஆனால் நிகழ்கணத்தில் ‘இளைப்பாறுவது’ என்றால் எதில், யார் இளைப்பாறுவது என்று கேட்டதுமே பாதை இரண்டாகிவிடுகிறது. உட்கார்ந்து பார்க்கிறவருக்கும் இது நடைமுறையில் வித்தியாசமான விஷயம்தான். நூல் கற்றவர்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

பௌத்தத் தரப்பில் அடிப்படைப் பாடம் சதிபட்டான சுத்தம். (சுத்தம் என்பது ‘சூத்திரம்’ என்பதன் பாலி வடிவம், ஓர் உபதேச உரை.) உடல், நுகர்வு (இன்பமாகவோ துன்பமாகவோ உணர்வது), மனம், தம்மங்கள் (மனத்துக்குப் புலப்படும் விஷயங்கள்) என்று கவனிக்க நான்கு களங்களை அது வகுத்துக் கொடுக்கிறது. மூச்சு நீளமாக வந்தால் நீளமாக வருகிறது என்று அறி, குட்டையாக வந்தால் குட்டையாக வருகிறது என்று அறி என்று தொடங்கி, அதற்கு மரம் கடையும் கடைசல்காரரை உவமை காட்டுகிறது. நீளமாக இழுக்கும்போது நீளமாக இழுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்; கொஞ்சமாக இழுக்கும்போது அதுவும் தெரியும். கவனிக்க வேண்டியது, அவர் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. வேலை நடக்கிறது.

மூச்சுத் தியானத்தை மட்டும் எடுத்துச் சொல்லும் ஆனாபானசதி சுத்தத்தில் 16 படிகள். முதல் இரண்டு படிகளில்தான் ‘அறிகிறான்’ என்று வருகிறது. மூன்றாவதிலிருந்து பதினாறாவது வரை ‘பயில்கிறான்’. அதாவது வெறுமனே பார்ப்பதற்கு இரண்டு படி; மற்ற பதினான்கும் பழக்க வேண்டியவை. உடம்பை அடக்கி அமைதிப்படுத்த, மனத்தை மகிழ்விக்க, நிலைநிறுத்த, விடுவிக்க என்று போகிறது பட்டியல். எண்ணங்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் இன்னொரு சுத்தம் ஐந்து வழிகளைத் தருகிறது. கடைசி வழி, பல்லைக் கடித்து நாக்கை அண்ணத்தில் அழுத்தி மனத்தை மனத்தால் நசுக்குவது! ‘எதையும் மாற்றாதே, சும்மா பார்’ என்று இன்று சொல்லப்படுவது இதில் ஒரு சிறு துண்டு. 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் ஜான் கபாட்-ஸின் மனஅழுத்தம் குறைக்க 8 வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அந்தத் துண்டு உலகம் முழுக்கப் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பலருக்குப் பயன்பட்டிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் துண்டு துண்டுதான்.

சரி, உட்கார்ந்தவருக்கு என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பர்மாவில் கணக்குத் துறைத் தலைவராக இருந்துகொண்டே தியானம் கற்பித்தவர் ஊ பா கின். அவருடைய மாணவர் எஸ்.என். கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து விபாசனா வகுப்புகளைத் தொடங்கினார். இகத்புரி அவற்றின் தலைமையிடம் ஆனது. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் இருக்கிறது. பத்து நாள் வகுப்பு. விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். யாரோடும் பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியைச் சுற்றி மூச்சு மட்டும். நான்காம் நாள் உடம்பெங்கும் உண்டாகும் உணர்வுகளைத் தலையிலிருந்து கால் வரை பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். அதன் பிறகு தினம் மூன்று முறை, ஒவ்வொரு மணி நேரம், கண் திறக்காமல் கைகால் அசைக்காமல் உட்கார வேண்டும்.

அரை மணி தாண்டியதும் முழங்கால் பேச ஆரம்பிக்கும். முதலில் ஒரு இறுக்கம். அப்புறம் சூடு. அப்புறம் யாரோ திருகுகிற மாதிரி. மனம் உடனே கடிகாரத்துக்குப் போகும்: இன்னும் எவ்வளவு நேரம்? இந்த இடத்தில் பௌத்தப் பயிற்சி ஒன்றே ஒன்றைக் கேட்கிறது. ‘என் முழங்கால் வலிக்கிறது’ என்ற வாக்கியத்தை உடைத்துப் பார். சூடு இருக்கிறது, துடிப்பு இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. ஒவ்வொன்றும் கூடுகிறது, குறைகிறது, இடம் மாறுகிறது. அது பிடிக்கவில்லை என்ற தள்ளல் தனியாக இருக்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லும் சார்புத்தோற்றத்தின், அதாவது ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றும் தொடரின், பன்னிரண்டு கண்ணிகளில் ‘ஊறே நுகர்வே வேட்கை பற்றே’ என்று ஒரு வரிசை வருமே, அந்த நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில்தான் இந்தப் பயிற்சி கத்தியை வைக்கிறது. நுகர்வு இருக்கட்டும், அது வேட்கையாக மாறாமல் இருக்கட்டும். தொடர்ந்து பார்த்தால் வலி மட்டுமல்ல, வலியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கவனமும் தோன்றித் தோன்றி மறைவது தெரியவரும் என்பார்கள். உட்கார்ந்து இளைப்பாற ஒரு திண்ணை தேடி வந்தவருக்குத் திண்ணையே கரைகிறது. பௌத்தத்தைப் பொறுத்தவரை பயிற்சி சரியாகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதே முழங்காலைச் சமணத்தில் வைத்துப் பார்ப்போம்.

சென்னை சௌகார்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து குடியேறிய சமணக் குடும்பங்களில் சாமாயிகம், அதாவது குறித்த நேரம் மனத்தைச் சமநிலையில் வைத்து உட்காரும் பயிற்சி, செய்கிறவர்களைப் பார்க்கலாம். தரையில் ஒரு விரிப்பு. சில பிரிவினர் வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் மணல் கடிகாரம் ஒன்று இருக்கும்; மணல் இறங்கி முடிய 48 நிமிடம், அதாவது ஒரு முகூர்த்தம். தொடங்கும்போதே வாக்கு எடுக்கிறார்கள்: இந்த நேரம் முழுக்க மனம், சொல், உடல் மூன்றாலும் பாவச் செயல் செய்ய மாட்டேன், செய்விக்க மாட்டேன். சாமாயிகத்தில் இருக்கும்போது இல்லறத்தாரும் துறவியைப் போன்றவர் என்பது மரபு.

அந்த 48 நிமிடத்துக்கு ஒரு பின்னணி உண்டு. சமணத்தின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம் தியானத்துக்கு இலக்கணம் சொல்லும்போதே, ஒரே பொருளில் சிந்தனையை நிறுத்துவது, அதுவும் மிக உறுதியான உடற்கட்டு உள்ளவருக்கு, ஒரு முகூர்த்தத்துக்குள்தான் நிற்கும் என்று எல்லை போட்டுவிடுகிறது. பத்து நிமிடம்கூட மனம் நிற்கவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

அடுத்து அந்த நூல் சொல்வது இன்னும் சுவையானது. தியானம் நான்கு வகை: ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம். முதல் இரண்டும் கெட்ட தியானங்கள். பிடிக்காதது வந்து சேர்ந்ததே என்ற ஏக்கம், பிடித்தது பிரிந்ததே என்ற ஏக்கம், வலி எப்போது போகும் என்ற தவிப்பு, இனி இன்னின்ன இன்பம் கிடைக்கட்டும் என்ற வேண்டுதல், இந்த நான்கும் ஆர்த்த தியானம். அப்படியானால் ராத்திரி படுத்துக்கொண்டு கடனை நினைத்துப் புரளுகிறவரும் தியானத்தில்தான் இருக்கிறார். மனத்துக்குத் தியானம் செய்யக் கற்றுத்தர வேண்டியதில்லை, ஏற்கெனவே நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது, எதன்மேல் என்பதுதான் கேள்வி. இந்த நான்கும் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைப் பற்றிக்கொண்டு நிற்பதையும் பார்க்கலாம். நிகழ்கணத்துக்குத் திரும்பு என்ற பேச்சுக்கு இதைவிடக் கூர்மையான விளக்கத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

முழங்காலுக்கு வருவோம். ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்ற தவிப்பு ஆர்த்த தியானத்தின் நேரடி உதாரணம். வலி இருப்பது முன்செய்த வினை பழுத்து வருவதால். வேதனீயம் என்ற வினைவகை அது. அதை வெறுப்பில்லாமல் சமமாகத் தாங்கினால் அது பயன் கொடுத்து உதிர்ந்துவிடும், புதிதாக எதுவும் ஒட்டாது. தமிழ்ச் சமணர்கள் இதற்கு அழகான சொற்கள் வைத்திருக்கிறார்கள்: வினை உள்ளே வருவது ஊற்று, அதைத் தடுப்பது செறிப்பு, பழையது கழன்று விழுவது உதிர்ப்பு. வலிப்பது உடம்பு, வலியை அறிவது உயிர். உடம்பு அறியாது, உயிருக்கு வலி இயல்பு கிடையாது. இந்தப் பிரிவினையில் நிற்பதுதான் காயோத்சர்க்கம், அதாவது உடம்பை ‘எனது’ என்று வைத்திருக்கும் பிடியை விட்டுவிட்டு அசையாமல் இருப்பது.

ஆக, வெளியே ஒரே காட்சி: அசையாத முழங்கால். உள்ளே ஒருவர் வலியும் அறிவும் சேர்ந்து கரைவதைப் பார்க்கிறார். மற்றவர் வலி கழன்று விழ, அறிவு மட்டும் தனியாக நிற்பதைப் பார்க்கிறார்.

அறிவு மட்டும் நிற்பது என்பதைப் பழைய சமண ஆசிரியர் குந்தகுந்தரைப் போல வலியுறுத்தியவர்கள் குறைவு. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் அவர் தவம் செய்ததாகத் தமிழ்ச் சமணர்கள் நம்புகிறார்கள். மலைமேல் அவருடைய பாதச் சுவடுகளுக்கு வழிபாடு நடக்கிறது. அவருடைய சமயசாரத்தில் அறிவைக் கண்ணோடு சேர்த்துப் பேசும் ஒரு பாடல் உண்டு. கண் எதையும் செய்வதில்லை, எதையும் துய்ப்பதில்லை, பார்க்கிறது, அறிவும் அப்படி. பந்தத்தையும் வீடுபேற்றையும், வினை பழுப்பதையும் உதிர்வதையும் அது அறிகிறது, அவ்வளவே. விருப்பு வெறுப்பு எழுந்தால் அதையும் அறிகிறவராக இருப்பது. அதுவாக ஆகிவிடாமல் இருப்பது. இங்கே நிகழ்கணத்தில் இளைப்பாறுவது என்றால் வீடு திரும்புவது மாதிரி. போன இடமெல்லாம் வாடகை வீடு, அறிகிறவராக இருப்பதுதான் சொந்த வீடு.

புத்தருடைய சீடர் ஒருவர் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தார். மீனவர் மகன் சாதி என்பது அவர் பெயர். ஒரே உணர்வுதான், அதாவது அறியும் தன்மைதான், மாறாமல் பிறவிதோறும் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் கூப்பிட்டு விசாரித்தார். எது அந்த உணர்வு என்று கேட்டதற்கு, ‘பேசுவதும் உணர்வதும், நல்வினை தீவினைப் பயனைத் துய்ப்பதும் எதுவோ அது’ என்றார் சாதி. புத்தர் கடுமையாகவே கண்டித்தார். கண்ணும் உருவமும் கூடினால் கண்ணுணர்வு, காதும் ஒலியும் கூடினால் காதுணர்வு. காரணம் இல்லாமல் உணர்வு எழுவதே இல்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்றார். சமணர் சொந்த வீடு என்று காட்டும் இடத்தைப் புத்தர் பூட்டிவிடுகிறார்.

பிற்காலத்தில் திபெத்திய மரபுகளில் பேச்சு கொஞ்சம் மாறியது. நினைக்காதே, கற்பனை செய்யாதே, யோசிக்காதே, ஆராயாதே, கட்டுப்படுத்தாதே, அப்படியே இளைப்பாறு என்ற ஆறு சொல் உபதேசம் திலோபா என்ற குருவின் பெயரில் வழங்குகிறது. ஜப்பானில் 13-ஆம் நூற்றாண்டில் ஜென் குரு டோகன் ‘வெறுமனே உட்காருதல்’ என்பதையே முழுப் பயிற்சியாக்கினார். சொற்களை மட்டும் கேட்டால் சமணத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் இளைப்பாறும் அந்த அறிவும் சூனியமே, பிடித்துக்கொள்ள அதில் ஏதுமில்லை என்பதை அவர்களும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடிப்படையில் இன்னொரு கேள்வி இருக்கிறது. நிகழ்கணம் எவ்வளவு நீளம்? இது கிறுக்குத்தனமான கேள்வி என்று தோன்றலாம். இரண்டு தரப்பும் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. பாலி உரைகள் நிகழ்காலத்தை மூன்றாகப் பிரிக்கின்றன: ஒரு மனக்கணம் என்ற அளவில் நிகழ்காலம், ஒரு தொடர்ச்சி என்ற அளவில், ஓர் ஆயுள் என்ற அளவில். தியானம் செய்கிறவர் கையாளக்கூடியது நடுவில் உள்ளது. இருட்டறையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவருக்குப் பொருள்கள் தெளிவாகத் தெரியப் பிடிக்கிற நேரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வகைப்பாட்டை விளக்கும் விசுத்திமக்கத்தை எழுதியவர் புத்தகோசர். 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்தவர். தாம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்ததாக உரை ஒன்றின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார்.

சமணத்தில் காலத்தின் மிகச் சிறிய துணுக்குக்குச் சமயம் என்று பெயர். எண்ணிக்கைக்கு அடங்காத சமயங்கள் சேர்ந்து ஓர் ஆவலிகை. ஒற்றைச் சமயத்தை முழு ஞானம் பெற்ற கேவலி மட்டுமே நேரடியாக அறிவார். எனவே ‘இந்தக் கணத்தைப் பிடித்துவிட்டேன்’ என்று சாதாரண ஆள் சொன்னால் சமணர் சிரிப்பார்.

இங்கேதான் சமணத் தர்க்கவாதிகள் ஒரு குறும்பான வேலை செய்தார்கள். ஒரு பொருளை அணுக ஏழு நோக்குகள், நயங்கள், உண்டு என்பது அவர்கள் கொள்கை. அதில் ஒன்று ருஜுசூத்திர நயம்: போனது இல்லை, வருவது இன்னும் இல்லை, இப்போதைய நிலை மட்டுமே உண்மை என்று பார்ப்பது. பௌத்தத்தை அவர்கள் நேராக இந்தக் கூண்டில் கொண்டுபோய் வைத்தார்கள். நீங்கள் சொல்வது பொய் இல்லை, ஏழில் ஒன்று. அதையே முழு உண்மை என்பதுதான் தவறு. நிகழ்கணம் மட்டுமே உண்மை என்ற இன்றைய பிரபலமான வாக்கியத்துக்கும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்ட பதில் மாதிரி இருக்கிறது இது.

தமிழில் இந்த வழக்கு காப்பியங்களுக்குள்ளேயே நடந்தது. பௌத்தத்தின் குண்டலகேசிக்கு எதிராக எழுந்த சமணத்தின் நீலகேசியில், நாயகி பௌத்த ஆசிரியர்களைத் தேடிப் போய் வாதிடுகிறாள். கணந்தோறும் எல்லாம் அழிந்தால் வினை செய்தவர் ஒருவர், பயன் துய்ப்பவர் வேறொருவர் ஆகிவிடாதா என்பது சமணத் தரப்பு சளைக்காமல் கேட்கும் கேள்வி. அதே ஆளும் இல்லை, வேறு ஆளும் இல்லை, விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுகிற தொடர்ச்சி என்பது பௌத்தத்தின் வழக்கமான பதில். குண்டலகேசி பெரும்பாலும் அழிந்து, நீலகேசி முழுதாகக் கிடைத்ததால், தமிழில் நமக்கு ஒரு தரப்பின் தீர்ப்புதான் உரக்கக் கேட்கிறது. அதை மறக்காமல் வாசிப்பது நல்லது.

சமணத்தின் வழிக்கும் தனக்கே உரிய பள்ளம் உண்டு. ‘நான் சாட்சி’ என்பதே புது அகங்காரமாகிவிடும். அதற்கு அவர்களே ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பாகுபலி என்ற துறவி ஓராண்டு அசையாமல் நின்றார். காலில் கொடி படர்ந்தது. சிரவணபெளகொளாவில் 981 வாக்கில் சாவுண்டராயன் எழுப்பிய 57 அடிச் சிலையில் அந்தக் கொடிகளைப் பார்க்கலாம். அப்படி நின்றும் முழு ஞானம் வரவில்லை. ஏன் என்பதற்குச் சமணத்தின் இரு பெரும் பிரிவினரில் திகம்பரர் ஒரு காரணம் சொல்வார்கள், சுவேதாம்பரர் வேறொன்று. சுவேதாம்பரர் கதையில் தனக்கு முன்பே துறவு பூண்ட தம்பிமாரை வணங்க மனம் வரவில்லை அவருக்கு. சகோதரிகள் பிராமியும் சுந்தரியும் வந்து ‘சகோதரரே, யானையை விட்டு இறங்குங்கள்’ என்கிறார்கள். வெட்ட வெளியில் நிற்கிறேன், யானை எங்கே என்று யோசித்தவருக்குப் பிறகுதான் புரிந்தது, யானை என்றது தன் அகந்தையை என்று. தம்பிமாரிடம் போகக் காலை எடுத்து வைத்தபோதே ஞானம் வந்தது. ஓராண்டு நின்றதில் வராதது ஓர் அடி வைத்ததில் வந்தது.

மகாவீரருக்குப் பிந்தைய சமணத்தில் தியானம் நூல்களில் நிறையவும், அன்றாடத்தில் சடங்கு வடிவிலும் மிஞ்சியது என்பது பொதுவான மதிப்பீடு. அதை மறுபடி பயிற்சியாக்கியவர்கள் தேராபந்தப் பிரிவின் ஆசார்ய துளசியும் ஆசார்ய மகாபிரக்ஞரும். 1975-ல் அதற்குப் பிரேக்ஷா தியானம் என்று பெயரிட்டார்கள். தன்னைத் தன்னால் பார் என்ற பழைய ஆகம வாக்கு அதன் ஆதாரம். மூச்சைப் பார்ப்பதும் உடம்பைப் பகுதி பகுதியாகப் பார்ப்பதும் அதில் உண்டு. விபாசனா வகுப்புகள் இந்தியாவில் பரவத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே இது வந்ததால், வாங்கிக்கொண்டது எவ்வளவு, மீட்டது எவ்வளவு என்ற பேச்சு ஆய்வாளர்களிடம் உண்டு. வாங்கியிருந்தால்தான் என்ன? முழங்காலைப் பார்க்கும் முறை ஒன்றானாலும் கணக்கு சமணக் கணக்காகவே இருக்கிறது.

புதிதாக உட்காருகிறவருக்கு இதில் உடனடியாகப் பயன்படும் ஒரு விஷயம், இரண்டு மரபுமே வாசலில் ஒழுக்கத்தை வைத்திருப்பதுதான். விபாசனா வகுப்பில் ஐந்து சீலம் ஏற்காமல் மூச்சுக்குக்கூடப் போக முடியாது. சாமாயிகம் வாக்கில் தொடங்குகிறது. முடியும்போதும் சும்மா எழுந்து போய்விட முடியாது. நடந்த குற்றங்களுக்கு மன்னிப்புக் கேட்டு முடிக்க வேண்டும். அதற்கு 32 குற்றங்கள் கொண்ட பட்டியலே இருக்கிறது: உடம்பால் 12, சொல்லால் 10, மனத்தால் 10. சுவரில் சாய்வது, தூங்கி விழுவது, விரலில் சொடக்கு எடுப்பது எல்லாம் உடம்புக் கணக்கு. மனக் கணக்கில் புகழுக்காகச் செய்வது ஒன்று, லாபத்துக்காகச் செய்வது இன்னொன்று. அலுவலகத்தில் வேலைத்திறன் கூடும் என்று கேள்விப்பட்டு உட்காருகிறவர், இந்தப் பட்டியல்படி, கண்ணை மூடும் முன்பே ஒரு குற்றத்தை எழுதிக்கொண்டுதான் தொடங்குகிறார்.